விண்வெளி காலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் பெரும்பாலான அளவுகள் ஒரு கன சென்டிமீட்டர் கணக்கில் வருகின்றன. ஒரு பகடைக்காய் அளவு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எத்தனை அணு, எத்தனை மூலக்கூறு என்று எண்ணத் தொடங்கினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விண்வெளி காலியா, இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

முழுக்கக் காலியான இடம் இதுவரை எங்கும் அகப்படவில்லை. அதே சமயம், நாம் புழங்கும் எந்தப் பொருளோடு ஒப்பிட்டாலும் விண்வெளி காலிதான். ஒரு கன செ.மீ.யில் இருப்பது இவ்வளவு:

- கடல்மட்டக் காற்று: சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் (25 எழுதிப் பின்னால் 18 சுழியம்)
- சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரம்: 10 கோடி அளவில்
- பூமிக்கு அருகே சூரியக் காற்று (சூரியனிலிருந்து வீசும் துகள்கள்): சுமார் 5
- பால்வீதியில் நட்சத்திரங்களுக்கு இடையே, சராசரியாக: சுமார் 1
- பிரபஞ்சம் முழுவதற்குமான சராசரி: 40 லட்சம் கன செ.மீ.க்கு ஒன்று, அதாவது 4 கன மீட்டருக்கு ஓர் அணு

இவற்றில் எது ‘ஒன்றுமில்லை’ என்பது நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூச்சுவிட 10 கோடி போதவே போதாது. ஆனால் செயற்கைக்கோளைக் கீழே இழுத்துப்போட அது தாராளம். நட்சத்திரங்களுக்கு இடையே இருக்கும் அந்த ஒரே ஓர் அணுவும் அதோடு கலந்த தூசியும் சேர்ந்து, சில ஆயிரம் ஒளியாண்டு தொலைவு கடந்து வரும் ஒளியை நன்றாகவே மங்கவைத்துவிடும்.

காற்று முடிந்து விண்வெளி தொடங்கும் இடம் எது?

ஏட்டில் 100 கி.மீ. கார்மன் கோடு என்பார்கள். அமெரிக்காவில் 80 கி.மீ. தாண்டினாலே விண்வெளி வீரர் என்று ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டும் மனிதர் வைத்த எல்லைகள்தான். அந்த உயரத்தில் காற்று முடிவதில்லை, மெலிந்துகொண்டே போகிறது.

400 கி.மீ. உயரத்தில் மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி தனித்தனி ஆக்சிஜன் அணுக்கள். விநாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பறக்கும் விண்வெளி நிலையம் அவற்றின்மீது மோதிக்கொண்டே போவதால் மாதத்துக்கு ஏறக்குறைய 2 கி.மீ. உயரம் இழக்கிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளுவது அதனால்தான். அதே அணுக்கள் பிளாஸ்டிக் படலங்களையும் அரித்துத் தின்னும். வெளியே போர்த்தும் கேப்டான் படலத்துக்கு மேற்பூச்சு இல்லாவிட்டால் அது மெலிந்து பிய்ந்துவிடும்.

சூரியன் கொந்தளிக்கும்போது மேல்வளிமண்டலம் சூடாகி உப்பும், இழுவை கூடும். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் கணக்கிட்டதற்கு முன்பே 1979 ஜூலை 11-ல் விழுந்ததற்கு இதுதான் காரணம். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இதே வகையில் எரிந்துபோயின. அவற்றைத் தொடக்கத்தில் 210 கி.மீ. உயரத்திலேயே இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு காந்தப்புயல் வந்தது. அது பெரிய புயல்கூட இல்லை.

இன்னும் மேலே போனால் ஹைட்ரஜன் மட்டும் மிஞ்சும். சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் அளவீடுகளை 2019-ல் மீண்டும் அலசியபோது, பூமியின் ஹைட்ரஜன் உறை 6.3 லட்சம் கி.மீ. வரை பரவியிருப்பது தெரியவந்தது. நிலா இருப்பது 3.84 லட்சம் கி.மீ. தொலைவில். கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால் நிலாவும் நம் வளிமண்டலத்துக்குள்தான் சுற்றுகிறது. ஆனால் அங்கே 5 கன செ.மீ.க்கு ஓர் அணுதான்.

பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

சூரியக் காற்று. சூரியன் விநாடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேலான பொருளைப் புரோட்டானும் எலக்ட்ரானுமாக எல்லாத் திசையிலும் ஊதித் தள்ளுகிறது. வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 400 கி.மீ., சில வேளை 800 வரை போகும். 1958-ல் யூஜின் பார்க்கர் இதைக் கணக்கால் முன்கூட்டிச் சொன்னார். பலரும் ஏற்கவில்லை. 1962-ல் வெள்ளிக்குப் போன மேரினர்-2 நேரில் அளந்த பிறகு வாதம் அடங்கியது. இன்று ஆதித்யா-எல்1 உட்படச் சில விண்கலங்கள், பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி சூரியன் பக்கம் நின்றபடி அதை அளந்துகொண்டிருக்கின்றன.

கூடவே காந்தப்புலமும் தூசியும் உண்டு. வால்மீன்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் குறுங்கோள்களும் உதிர்த்த தூசி இது. விளக்கொளி இல்லாத இடத்தில், அந்தி முழுக்க மறைந்த பின்னும் மேற்கு வானில் கூம்பு வடிவில் மங்கலாக ஓர் ஒளி தெரியும். அந்தத் தூசியில் பட்டுச் சிதறிய சூரிய ஒளிதான் அது. வெறுங்கண்ணாலேயே ‘காலி’ இடத்தைப் பார்க்க வேறு எளிய வழி இல்லை.

குறுங்கோள் பட்டையை விண்கலங்கள் மோதாமல் எப்படித் தாண்டுகின்றன?

விலகிப் போகத் தேவையே இல்லை. ஒரு கி.மீ.க்கு மேற்பட்ட பாறைகள் பத்து லட்சத்துக்கும் அதிகம் என்றாலும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே லட்சக்கணக்கான கி.மீ. இடைவெளி உண்டு. பட்டை மொத்தத்தையும் சேர்த்து உருட்டினால் நிலாவின் எடையில் 3 சதவீதம்தான் தேறும். 1973-ல் பயனியர்-10 முதன்முதலாகத் தாண்டி வெளியே வந்தபோதே பயம் தீர்ந்துவிட்டது. ஒரு குறுங்கோளை அருகில் பார்க்க வேண்டும் என்றால்தான் பாதையைத் திட்டமிட்டுத் திருப்ப வேண்டியிருக்கிறது.

நட்சத்திரங்களுக்கு இடையே பொருள் இருப்பது எப்படித் தெரிந்தது?

1904-ல் யோகன்னஸ் ஹார்ட்மன், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரம் ஒன்றின் நிறமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்து விலகும்போது கோடுகள் எல்லாம் இடம் மாற, கால்சியத்தின் கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அந்தக் கால்சியம் நட்சத்திரத்தில் இல்லை, வழியில் இருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர், தொலைவு கூடக் கூட நட்சத்திரக் கொத்துகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதைக் காட்டித் தூசியை உறுதிசெய்தார். 1951-ல் ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலை பிடிபட்டது. அதன்பின் பால்வீதியின் வாயுவை வரைபடமாகவே போட முடிந்தது.

நேரடி அளவீடு வர 2013 ஆகிவிட்டது. அதைத் தந்தது சூரியக் காற்று வீசும் எல்லையைத் தாண்டிப் போன வாயேஜர்-1 விண்கலம். அதில் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயுவை, அளக்கும் கருவி 1980-லேயே செயலிழந்துவிட்டது. மிஞ்சியது 10 மீட்டர் நீள ஆன்டெனாக்களோடு இருந்த அலைக் கருவி. 2012 மார்ச்சில் சூரியனில் நடந்த வெடிப்பின் அதிர்ச்சி 13 மாதம் பயணம் செய்து அங்கே போய்ச் சேர்ந்து எலக்ட்ரான்களை அதிரவைத்தது. எலக்ட்ரான்கள் அதிரும் அலைவெண்ணை அவற்றின் அடர்த்திதான் தீர்மானிக்கிறது. அலைவெண்ணை ஹெர்ட்ஸில் எடுத்து 8,980-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஒரு கன செ.மீ.க்கு எத்தனை எலக்ட்ரான் என்பது வந்துவிடும். கிடைத்த அலைவெண் 2,600 ஹெர்ட்ஸ். விடை 0.08. சூரியக் காற்றின் எல்லைக்கு உட்புறம் அது 0.002 அளவில்தான் இருந்தது. எல்லையைத் தாண்டியதும் இடம் இன்னும் காலியாகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடந்தது எதிர்மாறு: அடர்த்தி 40 மடங்கு கூடியிருந்தது. இந்த அளவுகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் வாயேஜர்-1 வெளியேறிய நாள் 2012 ஆகஸ்ட் 25 என்று முடிவுசெய்தார்கள்.

அங்கே இருக்கும் பொருளில் எடைக்கணக்கில் 99 சதவீதம் வாயு, அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும். மீதி 1 சதவீதம் தூசி. ஆனால் பரவல் சமமாக இல்லை. சில இடங்களில் லட்சக்கணக்கான டிகிரி சூட்டில் ஒரு கன செ.மீ.க்கு 0.005 என்று கிடக்கும், சில இடங்களில் லட்சத்துக்கும் மேல் போகும். நீர், அம்மோனியா, எத்தனால் உட்பட 300-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை இந்த அடர்ந்த மேகங்களில் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

‘அடர்ந்த மேகம்’ என்றால் உள்ளே போனால் மூட்டமாக இருக்குமா?

இருக்காது. பர்னார்டு 68 என்ற கரிய மேகம் பின்னால் உள்ள நட்சத்திரங்களை முற்றாக மறைக்கிறது. படத்தில் வானில் ஓட்டை விழுந்தாற்போல் இருக்கும். அதன் நடுவிலும் ஒரு கன செ.மீ.க்கு லட்சக்கணக்கில்தான் மூலக்கூறுகள், நல்ல ஆய்வகக் கலனில் இருப்பதைவிடக் குறைவு. மறைப்பது அடர்த்தி அல்ல, அரை ஒளியாண்டுத் தடிமன். கையை நீட்டினால் விரல் நுனி பளிச்சென்று தெரியும், வெளிச்சம் கொண்டுபோயிருந்தால்.

பால்வீதி போன்ற கேலக்ஸிகளுக்கு நடுவில் உள்ள பெரும் வெளி?

அங்கேயும் ஹைட்ரஜன் இழைகள் ஓடுகின்றன, பெரும்பாலும் லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில். இவ்வளவு மெல்லிய சூடான வாயு ஒளிர்வதும் இல்லை, ஒளியை மறைப்பதும் இல்லை. அதனால் பிரபஞ்சத்தில் இருந்தாக வேண்டிய சாதாரணப் பொருளில் ஒரு பெரும் பங்கு நெடுங்காலம் கணக்கில் அகப்படவில்லை. கைகொடுத்தவை அதிவேக ரேடியோ வெடிப்புகள். மில்லிவிநாடியே நீடிக்கும் இந்தத் துடிப்பு வழியில் எலக்ட்ரான்களைக் கடக்கும்போது, அதன் தாழ்ந்த அலைவெண்கள் பின்தங்கிவிடும். எவ்வளவு பின்தங்கின என்பதிலிருந்து வழியில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று எண்ணிவிடலாம். 2020-ல் இப்படி எண்ணியபோது கணக்கு நேரானது.

அணுவே இல்லாத ஒரு கன செ.மீ. கிடைத்தால் அது காலிதானே?

அதிலும் பெருவெடிப்பின் மிச்சமான 411 ஒளித்துகள்கள் இருக்கும். பென்சியாஸும் வில்சனும் 1964-ல் எந்தத் திசையில் ஆன்டெனாவைத் திருப்பினாலும் போகாத இரைச்சலாகக் கேட்டது இதைத்தான். வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது ஏறக்குறைய -270 டிகிரி செல்சியஸ். எண்ணிக்கையில் அணுக்களைவிட இவை நூறு கோடி மடங்குக்கும் அதிகம்.

எதிலும் ஏறக்குறைய மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்களான நியூட்ரினோக்களும், பெருவெடிப்புக் காலத்தவை, 336 இருக்க வேண்டும் என்கிறது கோட்பாடு. அவற்றை இன்னும் நேரடியாகப் பிடிக்கவில்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களோ பூமியருகே ஒரு சதுர செ.மீ.யை விநாடிக்கு 6,500 கோடி என்ற கணக்கில் ஊடுருவுகின்றன. இவை போக நட்சத்திர ஒளி, காந்தப்புலம், 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிப்போய் உறுதிசெய்த காஸ்மிக் கதிர்கள்.

இருண்ட பொருள் என் அறையிலும் இருக்கிறதா?

ஒளி விடாமல், ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள் அது. இன்ன துகள் என்று இன்னும் அடையாளம் காணப்படவில்லை. ஆனால் கேலக்ஸிகள் சுழலும் விதத்திலிருந்து அதன் எடை தெரியும். நாம் இருக்கும் பகுதியில் 3 கன செ.மீ.க்கு ஒரு புரோட்டான் எடை. ஓர் அறையின் 30 கன மீட்டரில் ஒரு கோடி புரோட்டான் எடை வரும். பெரிதாகத் தோன்றினால், பூமி முழுவதன் கன அளவுக்கும் கணக்குப் போடுங்கள்: அரை கிலோவுக்குச் சற்று மேல். சூரியக் குடும்பத்துக்குள் அதன் விளைவு தெரியாமல் போவது இதனால்தான். பிரபஞ்சம் முழுமைக்கும் பார்த்தால் நிலைமை வேறு: சாதாரணப் பொருள் 5 சதவீதம், இருண்ட பொருள் 27, பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் 68.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுத்தச் சூனியமா?

குவாண்டம் கோட்பாட்டின்படி மின்காந்தப் புலம் போன்ற புலங்களை அணைத்துவைக்க முடியாது, அவற்றின் மிகக் குறைந்த நிலையிலும் ஏற்றஇறக்கம் உண்டு. ‘துகள்கள் தோன்றித் தோன்றி மறைகின்றன’ என்பது அந்தக் கணிதத்துக்குப் போட்ட படம் மட்டுமே, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1948-ல் இயற்பியலாளர் காசிமிர் சொன்னது: மின்னூட்டமற்ற இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும். ஒரு மைக்ரான் இடைவெளியில் விசை 0.0013 பாஸ்கல்தான். இடைவெளியைப் பத்து நானோமீட்டராக்கினால் வளிமண்டல அழுத்தத்தை எட்டும். தகடுகளை அவ்வளவு நெருக்கத்தில் இணையாக நிறுத்துவது மகா சிரமம் என்பதால், 1997-ல் லமோரோ ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் கோளப்பரப்பும் வைத்து அளந்தார். ஒன்று சொல்ல வேண்டும்: இதை வெற்றிட ஆற்றலுக்கு நேரடிச் சான்று என்று எழுதுவது மிகை. தகடுகளின் அணுக்களுக்குள் உள்ள மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையாகவே கணக்கிட்டாலும் அதே விடை வரும். ‘வெற்றிடத்திலிருந்து இலவச மின்சாரம்’ விளம்பரங்களை நம்ப வேண்டாம். மிகக் குறைந்த நிலையிலிருந்து இன்னும் எடுக்க எதுவும் இல்லை.

விண்வெளி அளவு வெற்றிடத்தை ஆய்வகத்தில் உண்டாக்க முடியுமா?

400 கி.மீ. உயரத்தை மிஞ்சுவது எளிது. பல ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கிறது. கலன் துருப்பிடிக்காத எஃகு, இணைப்புகளில் ரப்பர் வளையத்துக்குப் பதில் செம்பு வளையம். முதலில் சாதாரணப் பம்பு அழுத்தத்தை மில்லிபாரில் நூறில் ஒரு பங்கு வரை இறக்கும். பிறகு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் டர்போ பம்பு.

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். உள்ளே காற்று ஏறக்குறைய தீர்ந்த பிறகும் அழுத்தம் இறங்க மறுக்கும். காரணம், சுவரில் ஒட்டிக்கிடக்கும் நீர் மெல்ல மெல்லக் கழன்று வருவது. விட்டால் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதனால் கலன் முழுவதையும் 150 முதல் 250 டிகிரி வரை சூடாக்கி, பம்பை ஓட்டியபடியே ஓரிரு நாள் வைக்கிறார்கள். ஆறிய பின் அயனிப் பம்பு. இப்போது ஒரு கன செ.மீ.க்கு 2 கோடி, கவனமாகச் செய்தால் சில பத்தாயிரம் வரை இறங்கும்.

அதற்கும் கீழே தடுப்பது எஃகுக்குள்ளேயே கரைந்திருக்கும் ஹைட்ரஜன். சுவரை 4 கெல்வினுக்குக் குளிர்வித்தால் வாயு சுவரிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். 1990-ல் செர்ன் ஆய்வகத்தில் எதிர்ப்புரோட்டான்களைச் சிறைவைத்த கலனில் இப்படி 100-க்கும் கீழே போனார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள 1 என்ற அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால். கையுறை இல்லாமல் தொட்ட ஒரு விரல்ரேகை நாள்கணக்கில் ஆவி விடும். அடிமூடிய துளையில் போட்ட திருகுக்குப் பின்னால் சிக்கிய காற்று, மரையின் வழியே கசிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஹீலியம் அடித்துச் சோதித்தால் கசிவே தெரியாது, ஏனென்றால் ஓட்டை வெளியே இல்லை. நடுவில் துளையிட்ட திருகு போடுவதுதான் தீர்வு.

விண்கலங்களுக்கும் இதே தலைவலி உண்டு. பசை, கம்பி உறை, பெயிண்ட் எல்லாம் வெற்றிடத்தில் ஆவி விடும், அந்த ஆவி குளிர்ந்த லென்சில் போய்ப் படியும். அதற்காகவே பொருளை வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். எடை இழப்பு 1 சதவீதத்துக்கும், படியக்கூடிய ஆவி 0.1 சதவீதத்துக்கும் மேல் போனால் அந்தப் பொருள் வேண்டாம். அப்படியும் 2001-ல், சனிக்குப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலத்தின் கேமராவில் படலம் விழுந்தது. வழக்கமாக -90 டிகிரியில் இருந்த அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி 2002-ல் தெளிவாக்கினார்கள்.

ஒலி கேட்குமா?

நம் காதுக்குக் கேட்காது. ஒலி பரவ அணுக்கள் ஒன்றையொன்று மோதியாக வேண்டும், ஆகவே மோதலுக்கு மோதல் உள்ள தூரத்தைவிட அலைநீளம் பெரிதாக இருக்க வேண்டும். அந்த அளவு பெரிய அலைகள் உண்டு. பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தின் சூடான வாயுவில் 2003-ல் கண்ட ஒலியலை ஒருமுறை அதிர ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு ஆகிறது.

குளிரா, சூடா?

வாயுவின் வெப்பநிலை இங்கே உதவாது. 400 கி.மீ. உயரத்தில் அது ஆயிரம் டிகிரிக்கும் மேல் போகலாம், ஆனால் சுட்டுவிடும் அளவுக்கு அணுக்கள் இல்லை. பொருளின் சூட்டைத் தீர்மானிப்பது வாங்கும் ஒளியும் வெளிவிடும் கதிர்வீச்சும்தான். பூமியருகே ஒரு சதுர மீட்டரில் 1,361 வாட் சூரிய ஒளி விழுகிறது. அறை வெப்பநிலையில் உள்ள கறுப்புத் தகடு ஒரு முகத்தில் சதுர மீட்டருக்கு 450 வாட் போலத்தான் வெளிவிடும். விசிறி வைத்துக் குளிர்விக்கக் காற்று இல்லை. விண்வெளி நிலையத்துக்கு அத்தனை பெரிய கதிர்வீச்சுத் தகடுகள் தேவைப்படுவது குளிரைச் சமாளிக்க அல்ல, சூட்டை வெளியேற்ற.

கவச உடை இல்லாமல் வெளியே போனால்?

உடல் வெடிக்காது, உடனே உறையவும் செய்யாது. 10 முதல் 15 விநாடிக்குள் நினைவு தப்பும், ஓரிரு நிமிடத்துக்குள் காற்றுக்குத் திரும்பாவிட்டால் மரணம். மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் மிகப் பெரிய தவறு, நுரையீரல் கிழிந்துவிடும். 1966-ல் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடைக்குழாய் கழன்றது. நாக்கில் எச்சில் கொதிப்பதை உணர்ந்தபடியே சுமார் 14 விநாடியில் மயங்கினார், உடனே காற்றைத் திறந்துவிட்டதால் பிழைத்தார். 1971 ஜூன் 30-ல் சோயூஸ்-11 திரும்பும் வழியில் ஒரு வால்வு திறந்துகொண்டது. கவச உடை அணியாதிருந்த மூன்று வீரர்களும் இறந்தார்கள்.

இவ்வளவு பெரிய வெற்றிடம் நம் காற்றை ஏன் உறிஞ்சிக்கொள்வதில்லை?

வெற்றிடம் எதையும் உறிஞ்சுவதில்லை. ஸ்ட்ராவில் குடிக்கும்போதுகூட வெளிக்காற்றின் அழுத்தம்தான் பானத்தை மேலே தள்ளுகிறது. காற்றை மேல்நோக்கித் தள்ளுவது அதன் சொந்த அழுத்தம், பிடித்து வைத்திருப்பது ஈர்ப்பு. தப்பிக்க விநாடிக்கு 11 கி.மீ. வேகம் வேண்டும். உச்சியில் உள்ள ஹைட்ரஜனில் ஒரு சிறு பங்கு அந்த வேகத்தை எட்டிவிடும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் கனமானவை, வேகம் போதாது. அப்படியே பூமி விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோ ஹைட்ரஜனையும் 50 கிராம் ஹீலியத்தையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது.